பெயர் வெட்டிய பால் பாத்திரம்

வாங்க, உள்ளே வாங்க. செருப்பை வெளியிலேயே விடுங்க, இப்போதுதான் ஆள் வைத்துத் துடைத்தேன். நாலு மணிக்கு ஒரு பெண் வீடு பார்க்க வரும் என்று சபேசன் சார் ஃபோனில் சொல்லியிருந்தார். கல்யாணம் ஆனவங்கதானே? நல்லது. ராமநாதபுரம் பக்கமா சொந்த ஊர்? தெரிகிறது. தப்பாக எடுத்துக்காதீங்க, கறுப்பாக இருந்தாலும் ரொம்பக் களையான முகம் உங்களுக்கு.

இது ஹால். கிழக்குப் பார்த்தது, காலையில் நல்ல வெளிச்சம். நான் சுகந்தி. நேர் கீழ் வீடு, இரண்டாம் மாடி. ஓனர் சபேசன் சார் சென்னையில் டாக்டர், கோயம்புத்தூருக்கு ஓடி ஓடி வந்து வீடு காட்ட அவருக்கு நேரம் ஏது? சாவியை என்னிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறார். எனக்கென்ன சம்பளமா? ஏதோ நம்பகமான ஆள் என்று ஒரு மதிப்பு.

ஒரு நிமிஷம், வாட்ச்மேனுக்கு ஃபோனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். "ஆறுச்சாமி! நேமா வந்தா மேல அனுப்பு. நேமா. அந்தப் பழைய மூணாம் மாடிப் பொண்ணு. ஆமா." பாருங்க, எப்படிக் கத்த வேண்டியிருக்கிறது. காது மந்தம். ஃபோனை எந்நேரமும் ஸ்பீக்கரில்தான் போட்டுக்கொள்வான். அவனிடம் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவனும் பதில் சொல்வான்.

உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே? கொஞ்ச நேரம் கூட இருங்க. முன்பு இங்கே குடியிருந்த பெண் பரணில் ஒரு பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், எடுக்க வருகிறாள். அவள் வரும்போது நான் தனியாக இருக்க வேண்டாம் என்று பார்த்தேன். சேச்சே, பயமெல்லாம் இல்லை. பயப்படுகிற மாதிரிப் பெண்ணே இல்லை அவள். அது வேறு.

என் மகள் மிருதுளா என்னோடு பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒரே பெண். ஒரே வீடு. பக்கத்து அறையிலிருந்து எனக்கு மெசேஜ் அனுப்புகிறாள். இன்று காலையில் என்ன அனுப்பினாள் தெரியுமா? "நேமா வர்றப்ப நீயா அவகிட்ட சொல்லிடு. சொல்லிட்டு வா, அப்புறம் பேசலாம். இல்லைனா நான் ஹாஸ்டலுக்குப் போயிடறேன்." பெற்ற தாய்க்குக் கெடு வைக்கிறாள். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறீங்க. அதற்குத்தான் வருகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தத் தாண்டவமூர்த்தி.

பம்ப்செட் கம்பெனி தாண்டவமூர்த்தி, தெரியாதா? பங்களாவுக்குள் கோவில் கட்டியிருக்கிறாரே, அவர். பொங்கலுக்கு முன்னால் ஒரு யூடியூப் சேனலுக்குப் பேட்டி கொடுத்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொல்கிறார்: "நான் வெளிப்படையான ஆளுங்க. லிஃப்டுல நான் தனியா இருக்கறப்ப ஒரு ஆப்பிரிக்கப் பையன் ஏறினா, என் கை தானா பர்ஸுக்குப் போகும். உங்களுக்கும் போகும். போகாதுன்னு சொல்றவன் பொய் சொல்றான்."

அவ்வளவுதான், ஊரே பற்றிக்கொண்டது. டி.வி.யில் நாலு தலைகள் நாலு கட்டத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்தின. காலேஜ் பிள்ளைகள் அவர் கம்பெனி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் ஃப்ளாட்ஸ் வாட்ஸப் குரூப்பில் குட்மார்னிங் படம் போடுகிற மாமாக்கள் எல்லாம் மனித உரிமை பேசினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நம்ம மோட்டாரே அந்தாளு கம்பெனிதான். கழட்டிப் போட்டுட்டு வாளியில தண்ணி தூக்கறியா?" என்றார். அவருக்கு எல்லாமே கிண்டல்.

எனக்குக் கொதித்துவிட்டது. பணம் இருந்தால் என்ன வேண்டுமானாலும் பேசலாமா? நான் கான்வென்டில் படித்தவள். மிஷன் ஞாயிறு வந்தால் சிஸ்டர் ஒரு தகர டப்பாவோடு வகுப்பு வகுப்பாக வருவார், மேலே ஒரு கறுப்புக் குழந்தை படம் ஒட்டியிருக்கும். மிட்டாய்க்கு வைத்திருந்த காசை நான் அதில் போட்டிருக்கிறேன். அந்தக் காலத்திலேயே ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்தவள் நான். எனக்குச் சொல்லித் தருகிறாரா இவர்?

இந்த வருஷம் எங்கள் பொங்கல் விழாவில் நான்தான் பேசினேன். இங்கிலீஷில். சின்ன வயதிலிருந்தே பேச்சுப் போட்டியில் முதல் பரிசு எனக்குத்தான். 'பர்ஸுக்குப் போகிற கை' என்று தலைப்பு. கடைசியில் சொன்னேன்: "கையைப் பர்ஸிலிருந்து எடுங்கள், மிஸ்டர் தாண்டவமூர்த்தி. அதை நீட்டுங்கள்." நீட்டிக் காட்டினேன். நிஜமாகவே எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல் வரிசையில் நேமாவும், அவளோடு இங்கே குடியிருந்த அவள் சித்தி மகளும். நேமா முழுவதையும் ஃபோனில் எடுத்துத் தன்சானியாவில் இருக்கிற அவள் அம்மாவுக்கு அனுப்பினாள். அந்த அம்மா பதிலுக்கு எனக்குக் குரல் பதிவு அனுப்பினார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் அழுகிறார்கள் என்று தெரிந்தது. அசாந்தே, அசாந்தே என்று. நன்றி என்று அர்த்தமாம்.

அதை நான் இன்னும் அழிக்கவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை.

வாங்க, சமையலறையைப் பாருங்க. மேடை கிரானைட். நீங்க நான்-வெஜ் சமைப்பீங்களா? எனக்கு ஒன்றுமில்லை, நாங்களே சாப்பிடுவோம், சும்மா கேட்டு வைத்துக்கொள்கிறேன். அந்த டைல்ஸில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கிறதே, அது பால் பொங்கின கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அது அவர்கள் குடிவந்த அன்று வந்தது.

நேமா இங்கே நர்சிங் படிக்க வந்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள். என் மகள் படிக்கிற அதே காலேஜ். மிருதுளாதான் இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தாள். கொடுத்ததோடு விட்டாளா? "புது வீட்டுக்கு வந்தா எங்க ஊர்ல பால் காய்ச்சணும்" என்று சொல்லி, என் பரணிலிருந்து பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். என் கல்யாணச் சீர் பாத்திரம். அடியில் என் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும், அந்தக் காலத்தில் எல்லாப் பாத்திரத்திலும் பெயர் வெட்டித்தானே கொடுப்பார்கள். அதில் காய்ச்சி, பொங்கவிட்டு, ஏலக்காய் எல்லாம் தட்டிப் போட்டு, அந்த இரண்டு பெண்களும் வீடு வீடாக டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு முதலில். நேமா இரண்டு கையாலும் நீட்டினாள். "ஆன்ட்டி, பால்" என்றாள், ஏதோ தங்கத்தைக் கொடுக்கிற மாதிரி.

சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். உள்ளே வந்து சிங்க்கில் ஊற்றினேன்.

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாதுங்க. காபியில் கலந்து குடித்தால் ஒன்றும் செய்யாது, வெறும் பாலாகத்தான். மிருதுளா பின்னால் நின்று பார்த்துவிட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து சிங்க்கைக் கழுவிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நேமா பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். "நீயே வச்சுக்கோ, கண்ணு" என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர். அடியில் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவித் தடவி, "இது ஆன்ட்டி பேரா, ஆன்ட்டி பேரா?" என்று கேட்டாள். எதற்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சும்மா கொடுத்தேன். பாத்திரத்துக்கு என் வீட்டில் பஞ்சமா என்ன?

மணி ஒலிக்கிறதா? இல்லை, பக்கத்து வீடு.

எங்கே விட்டேன்? ஆமாம், ஃபோன். டிசம்பரில் ஒரு நாள் சபேசன் சாருக்கு ஒரு ஃபோன் பண்ணினேன். கம்ப்ளைன்ட் என்று கூட இல்லை, பேச்சுவாக்கில். சனிக்கிழமையானால் ஐந்தாறு பேர் வருகிறார்கள், ஆணும் பெண்ணுமாக. பாட்டு. கருவாடு மாதிரி ஒரு நாற்றம். வயசுப் பெண் இருக்கிற வீடு எங்களுடையது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? "பொங்கல் கழியட்டும், காலி பண்ணச் சொல்லிடறேன்" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். அந்த நாற்றம் எதிர் வீட்டு மேனன் வீட்டிலிருந்து வந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. வந்தவர்கள் சர்ச்சில் பாடுகிற பிள்ளைகள். அதில் ஒரு பாட்டு எங்கள் பள்ளிக்கூடத்தில் காலையில் பாடுவோமே, அதே மெட்டு. பாஷைதான் வேறு. அடுப்படியில் நின்று நானே கூடப் பாடியிருக்கிறேன்.

திரும்ப ஃபோன் பண்ணி, நாற்றம் அவர்கள் வீட்டில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். வேலை மும்முரம், மறந்துபோயிற்று. சத்தியமாக மறந்துபோயிற்று. மறக்காமல் இருந்தால் பொங்கலன்று அந்த மேடையில் ஏறிக் கையை நீட்டியிருப்பேனா? நீங்களே சொல்லுங்க.

பொங்கல் முடிந்ததும் சபேசன் சார் அவர்களுக்குக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிவிட்டார். குடியிருப்பவர் ஒருவர் புகார் செய்திருக்கிறார் என்று மட்டும் போட்டிருந்தார். நேமா அதை எடுத்துக்கொண்டு யாரிடம் வந்தாள்? இந்த நாற்பது வீட்டில் என்னிடம்தான் வந்தாள். "ஆன்ட்டி, நீங்க மட்டும்தான் எங்களுக்காகப் பேசுவீங்க. ஓனருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க." சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். யார் புகார் சொல்லியிருப்பார்கள் என்று அவளே யோசித்து யோசித்து, செக்ரட்டரி ராமசுப்புவாக இருக்கும் என்று முடிவு பண்ணியிருந்தாள். "அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியுது ஆன்ட்டி" என்றாள். நான் மறுக்கவில்லை. ராமசுப்பு முகமும் அப்படித்தான்.

எழுதினேன். அருமையான லெட்டர். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், ஒழுக்கமானவர்கள், எங்கள் ஃப்ளாட்ஸுக்கே பெருமை என்று ஒன்றரைப் பக்கம். ஒரு கமா தப்பாக இருக்காது.

அதைப் படித்துவிட்டு சபேசன் சார் என் வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டார். எடுத்தது மிருதுளா. "ஏம்மா, உங்கம்மாதானே காலி பண்ணச் சொன்னாங்க? இப்ப இருக்கட்டும்னு எழுதியிருக்காங்க. நான் எதைக் கேக்கறது? அம்மாகிட்ட குடு, அவங்க ஒரு வார்த்தை சொன்னா நோட்டீஸை வாபஸ் வாங்கிடறேன்."

மிருதுளா ரிசீவரை என் கையில் கொடுத்தாள். எதிரிலேயே நின்றாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இருக்கட்டும் சார் என்று ஒரு வார்த்தை. ஆனால் அப்புறம் அவர் கேட்பாரே, அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க என்று? நாற்றமும் பொய், ஆட்களும் பொய் என்று ஆகாதா? எனக்கென்று ஒரு பெயர் இல்லையா? நான் என்ன சொன்னேன் என்றால், "அந்தப் பொண்ணுங்க எழுதச் சொன்னாங்க சார், எழுதிட்டேன். முடிவு உங்க இஷ்டம்."

அவ்வளவுதான் சொன்னேன். முடிவு அவருடையதுதானே? நானா நோட்டீஸ் அனுப்பினேன்?

மிருதுளா அப்போது ஒன்றுதான் சொன்னாள், அதற்கப்புறம் பேச்சில்லை. "தாண்டவமூர்த்தியாவது தன் வாயால, ஊரே பாக்கச் சொன்னாரும்மா." பாருங்க, பெற்றவளை யாரோடு சேர்க்கிறாள். அந்த ஆளோடு.

இப்போது நிஜமாகவே மணி. அவள்தான். இருங்க, போய்விடாதீங்க, அந்த ஜன்னல் பக்கம் நில்லுங்க.

"வா நேமா, வா வா. சௌக்கியமா? ஹாஸ்டல் எப்படி இருக்கு? பார், எப்படி இளைச்சுட்டே. சாப்பாடு சரியில்லையா? ... ஆமா, எனக்குத் தெரியும், அந்த ஹாஸ்டல் சாம்பார். ... இவங்களா? வீடு பார்க்க வந்திருக்காங்க. ... இந்தா, உன் பாத்திரம். நானே பரண்ல இருந்து இறக்கித் துடைச்சு வச்சேன். ... என்ன, கட்டிப்பிடிச்சுக்கிட்டு... சரி, சரி, சரிம்மா. ... நேமா, ஒரு விஷயம். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு... அந்த நோட்டீஸ் வந்துச்சில்ல, அது வந்து... இல்ல, ராமசுப்பு இல்ல. அதாவது அவர் மட்டும்னு சொல்ல முடியாது. காலமே அப்படி இருக்கு. அந்தத் தாண்டவமூர்த்தி மாதிரி ஆளுங்க பேசிப் பேசி ஜனங்க மனசைக் கெடுத்து வச்சிருக்காங்க... ஆமா. ஆமாம்மா. நீ அழாதே. அம்மாவைக் கேட்டதா சொல்லு. பார்த்துப் போ."

போய்விட்டாள்.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? ஆரம்பித்தேனே. பார்த்தீங்கதானே, ஆரம்பித்தேன். அந்தப் பெண் வந்து தோளில் சாய்ந்துகொண்டால் எப்படிச் சொல்வது? அவளுக்கு அது எவ்வளவு வேதனை, யோசித்துப் பாருங்க. இந்த ஊரில் நல்லவர்கள் என்று ஒரு ஆளாவது இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போகட்டுமே. அதையும் பிடுங்க வேண்டுமா?

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கீழே போகும்போது என் மகள் கேட்டால், அம்மா சொல்லிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. நீங்கதானே கூட இருந்தீங்க. வீட்டைப் பற்றிக் கவலையே படாதீங்க, இந்தாங்க, சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்க. சபேசன் சாரிடம் நான் சொன்னால் உங்களுக்கே கொடுத்துவிடுவார். இதற்கு முன்னால் இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆனால் நான் நல்ல குடும்பம் என்று ஒரு வார்த்தை சொன்னால்...

ஏன் கைப்பையை எடுக்கிறீங்க? தப்பாக ஒன்றும் கேட்கவில்லையே நான்.

இருங்க, ஃபோன். ஆறுச்சாமி.

"என்ன ஆறுச்சாமி? ... யாரு, நேமாவா? நிறுத்தி வச்சிருக்கியா? எதுக்கு? ... பாத்திரமா? அது அவளோடதுப்பா, விடு. ... ஆமா, என் பேருதான் வெட்டியிருக்கும். என் பேரு இருந்தா? நான் குடுத்தது. திருடிட்டுப் போறாளா என்ன? கேட்டுல நிறுத்திப் பையைப் பார்க்க யாரு சொன்னது உனக்கு? அறிவில்ல? ... என்னது? ... நானா? நான் எப்பச் சொன்னேன்? ... மெதுவாப் பேசு. ... ஆறுச்சாமி, மெதுவாப் பேசுன்னேன். ... ஓனர்கிட்டச் சொல்லியாச்சுன்னு உன்கிட்ட நான்... காலி பண்ற வரைக்கும் ஒரு கண்ணு வைன்னு... அது எப்பவோ டிசம்பர்ல சொன்னதுப்பா! அதை எதுக்கு இப்ப... ஸ்பீக்கரை நிறுத்து. நிறுத்துடா. அவ பக்கத்துலயா நிக்கறா? ... பக்கத்துலயேவா?"

பால்கனிக் கதவைத் திறங்க. அந்தத் தாழ்ப்பாள் இறுகியிருக்கும், மேலே தூக்கி இழுங்க.

அதோ நிற்கிறாள். மேலே பார்க்கிறாள். எந்த மாடி என்று அவளுக்குத் தெரியாதா, இங்கேயே இருந்தவள்தானே. கையைக் காட்டலாமா? என்னத்தைக் காட்டுவது?

"நேமா! இரு, நான் கீழ வர்றேன்!"

கேட்டிருக்கும். இவ்வளவு கத்தினால் கேட்காமலா? பாத்திரத்தை ஏன் ஆறுச்சாமி நாற்காலியில் வைக்கிறாள்? அவளுடையது என்றுதான் நான் சொல்லிவிட்டேனே. அவன்கூட எடுத்துப் போகச் சொல்லி நீட்டுகிறான், வாங்க மாட்டேன் என்கிறாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டாள்.

கேட்டைத் தாண்டிவிட்டாள்.

அவள் பின்னால் ஓடுவது யார், மிருதுளாவா? எப்போது கீழே போனாள்? காலில் செருப்புக்கூட இல்லை. ரோடெல்லாம் ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாளா பாருங்க, எனக்குக் கண்ணாடி இல்லாமல் சரியாகத் தெரியவில்லை. பார்த்தாளா?

இல்லையா?

சரி. விடுங்க.

சாவி எதற்குத் தருகிறீங்க? வீடு பிடித்திருக்கிறதுதானே? நான் கேட்டதை மறந்துவிடுங்க, நீங்க யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். சபேசன் சாரிடம் நல்லபடியாகவே சொல்கிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வந்துவிடுங்க. பால் காய்ச்சுகிற அன்று எனக்கும் ஒரு டம்ளர் கொண்டு வாங்க, வாசலிலேயே நின்று, நீங்க பார்க்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கையில் தருகிறேன்.

பாத்திரம் வேண்டுமென்றால் கீழே இருக்கிறது, நாற்காலியில். நல்ல கனமான பாத்திரம், அடி பிடிக்காது.

என் பெயர் வெட்டியிருக்கும். பரவாயில்லையா?